வோல்வோ எக்ஸ்சி60: அம்மாவின் சீட்டும் ஆகாத ஸ்டெப்னியும்

2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் என் தேவகோட்டை நண்பன் என்னை விடுவதாக இல்லை. பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் தலையில் செஸ் என்ற கூடுதல் வரி என்றிருந்த கணக்கு போய், செஸ் இல்லாமல் 40 சதவீதம் என்று ஆன நாள் அது. சொகுசு எஸ்யூவிகள் விலை லட்சக்கணக்கில் இறங்கியதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. "எக்ஸ்சி60 எடுக்கலாம்னு இருக்கேன் மாப்ளே. நீதான் 2022-லேர்ந்து ஓட்டுறியே, உள்ளதைச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அவனைப் போல வேறு யாரும் யோசித்துக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பி5, அதாவது பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சின்ன மின்மோட்டார் கைகொடுக்கிற மைல்டு ஹைபிரிட். எஞ்சின், கியர், பவர் எல்லாம் பிரோஷரில் இருக்கிறது, அதற்குள் போகவில்லை. பிரோஷரில் ஒரு வரியில் முடித்துவிடும் ஒரு சமாச்சாரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்: பின்சீட்டு ஏசி.

பெரும்பாலான கார்களில் பின்னால் உட்காருபவர்களுக்கான ஏசி வெண்ட், முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் உள்ள கன்சோலின் முதுகில் இருக்கும். காற்று நேராக முழங்காலில் அடிக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி. பழைய வண்டியில் சென்னைக்குக் கிளம்பினால் கையோடு ஒரு துண்டு எடுத்து வந்து அந்த வெண்ட் மேல் போட்டு மூடிவிடுவார். மூடினால் புழுக்கம், திறந்தால் வலி. எக்ஸ்சி60-இல் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கிற தூணில் வெண்ட் வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும். நெடுக்காக நிற்கும் சின்ன வெண்ட், ஓரத்தில் விரலால் உருட்டுகிற ஒரு சக்கரம், அவ்வளவுதான். காற்று பக்கவாட்டிலிருந்து முகத்துக்கும் தோளுக்கும் வரும், காலுக்குப் போகாது. கொஞ்சம் திருப்பி வைத்தால் ஜன்னல் கண்ணாடியை ஒட்டியே ஓடும்.

கண்ணாடியை ஒட்டி ஓடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். காரைக்குடியிலிருந்து காலையில் மெதுவாகக் கிளம்பி, திருச்சியில் சாப்பிட்டுவிட்டு, மதியம் வடக்கே பார்த்து ஓட்டிப் பாருங்கள். விழுப்புரம் வரைக்கும் வெயில் இடது பக்கக் கண்ணாடியில்தான் விழும். அம்மா உட்காருவதும் இடது பக்கம்தான். மே மாதத்தில் அந்தக் கண்ணாடியில் கை வைத்தால் சுடும். வெயிலுக்கும் அவருக்கும் நடுவில் குளிர்ந்த காற்று ஒரு திரை மாதிரி நிற்கிறது. முன்பெல்லாம் பெரம்பலூர் வருவதற்குள் "தலை சுத்துதுப்பா, ஓரமா நிறுத்து" என்பார். இந்த வண்டியில் அந்தப் பேச்சே இல்லை. உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருப்பார். வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். இவ்வளவு பணம் போட்டதில் எனக்கு மனசு நிறைந்த இடம் இதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்சீட்டு இரண்டு பேருக்குத்தான். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகிற ஆல் வீல் டிரைவ் என்பதால் நடுவில் தரை மேடாக எழும்பி நிற்கிறது. மூன்றாவதாக உட்காருகிறவர் காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் சமாளிக்கும்.

முன்சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடைக்குக் கீழே மெத்தை முன்னால் நீண்டு வருகிறது. நான் உயரம், மற்ற வண்டிகளில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சாண் அந்தரத்தில் இருக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். இதில் சென்னை போய் இறங்கியதும் நேரே வேலையைப் பார்க்கப் போகலாம். வண்டி சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கிக் குதித்தால் முதுகெலும்பில் ஏறும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று சீட்டின் சட்டத்திலேயே தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். வோல்வோக்காரர்கள் மூன்றுமுனை சீட் பெல்ட்டை 1959-லேயே கொடுத்து, மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டவர்கள் அல்லவா. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மார்க் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2017-இல் சோதித்த வண்டிகளில் ஒட்டுமொத்தமாக முதலில் வந்ததும் இந்த எக்ஸ்சி60தான், பெரியவர்கள் பாதுகாப்பில் 98 சதவீதம். அம்மாவை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஓட்டும்போது அந்த எண் எனக்குத் தைரியம் தருகிறது.

பாட்டுக்கு போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஸ்பீக்கர். நாதஸ்வரக் கச்சேரி போட்டுக் கேளுங்கள். தவில் அடி நெஞ்சில் விழும்.

ஏசி சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திரையைத்தான் தொட வேண்டும். இது இன்றைக்கு வரும் சொகுசு வண்டிகள் பலவற்றிலும் பிடித்திருக்கும் நோய். குண்டும் குழியுமான ரோட்டில் விரல் ஓரிடத்தில் நிற்காது. யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்கு நிஜப் பட்டன் இருந்தால்தான் முழு மார்க் என்கிறது. ஏசியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் குரலில் சொல்லிவிடுகிறேன், "டெம்பரேச்சர் ட்வெண்டி ஃபோர்" என்றால் கேட்டுக்கொள்கிறது. அதனால் இது பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருக்கிறது, டயர். போன வாரம்தான் நடந்தது என்பதால் கோபம் இன்னும் ஆறவில்லை.

திருமயம் பக்கம் ஒரு வேகத்தடை. முந்தின வாரம் அங்கே இல்லை. வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை, தெருவிளக்கும் இல்லை. ஐஆர்சி 99 என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறை ஒன்று உண்டு. வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் வளைவாக, 10 சென்டிமீட்டர் உயரத்தில், 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏறி இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறது அது. திருமயத்தில் இருந்தது ஒரு முழ அகலத்துக்கு மண்ணைக் கொட்டி மேலே தார் ஊற்றின மேடு. அதைத் தாண்டிய இடத்திலேயே ஒரு பள்ளம். இடது முன்டயரின் பக்கச்சுவர் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துவிட்டது. புடைத்த டயரை ஓட்டக்கூடாது, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டெப்னியை எடுத்தோம். இந்த விலையில் வரும் பெரும்பாலான வண்டிகளைப் போல இதிலும் ஸ்டெப்னி ஒல்லி டயர்தான். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். பஞ்சர் கடை வரை போவதற்கான டயர் அது, ஊர் போய்ச் சேருவதற்கானது இல்லை. அம்மாவை வைத்துக்கொண்டு இருட்டில், பின்னால் வரும் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க, உருட்டிக்கொண்டே காரைக்குடி வந்தோம்.

மறுநாள் டயர் கடைக்குப் போனால், "235/55 ஆர்19 சைஸ் நம்மகிட்ட வராது சார், சென்னையில சொல்லித்தான் எடுக்கணும்" என்றார்கள். இன்னொரு கடையில் நாளைக்கு வரும் என்றார்கள், அந்த நாளை வரவே இல்லை. ஆல் வீல் டிரைவில் ஒரே ஆக்சிலில் ஒன்று புதுசு ஒன்று தேய்ந்தது என்று விடக்கூடாது, ஆக இரண்டு டயர். வந்து சேரும் வரை வண்டி ஷெட்டில் நின்றது. அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட மதுரைக்கு வாடகை வண்டியில் கூட்டிப்போனேன். அந்த வண்டியில் ஏசி முழங்காலில் அடித்தது.

நியாயமாகப் பார்த்தால் ரோடு செய்த தப்புக்கு வண்டியைத் திட்டக்கூடாது. சஸ்பென்ஷன் அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, மற்ற பள்ளங்களில் உள்ளே எதுவும் தெரியாது. ஆனால் நான் ஓட்டுவது இந்த ரோட்டில்தான். இங்கே விற்கும்போது டிக்கியில் முழு ஸ்டெப்னி வைக்கிற அளவுக்கு ஒரு குழி வெட்டித் தர முடியாதா? சொகுசு எஸ்யூவி செய்கிற அத்தனை கம்பெனிகளையும்தான் கேட்கிறேன்.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: நீ எடுக்காதே. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்பேன், டயர் சாயங்காலமே வந்துவிடும். தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு, வாரம் இரண்டு தடவை ராமநாதபுரம் போய்வருகிற உனக்கு, நல்ல முழு ஸ்டெப்னியோடு, எந்த ஊர்க் கடையிலும் டயர் கிடைக்கிற வண்டிதான் சரி. மிச்சப் பணம் பேங்கில் கிடக்கட்டும்.

அப்படியானால் உன் வண்டியை எனக்குக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நேற்று கேட்டான். கொடுக்க மாட்டேன். புது டயர் இரண்டும் மாட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அம்மாவுடன் சென்னை போகிறேன்.