ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் பிங்: மைக்கை அணைத்துவிட்டும் ஆடலாம்

2019 பிப்ரவரி 4-ல் வந்த துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸில் துப்பாக்கிகளும் மேப்பும் சீசனுக்கு சீசன் மாறிக்கொண்டே இருக்கின்றன. அடிப்படை மாறாமல் நிற்பது பிங், அதாவது ஒரு இடத்தையோ பொருளையோ எதிரியையோ பேசாமலே கூட்டாளிகளுக்கு அடையாளமிட்டுக் காட்டும் வசதி. மூன்று பேர் கொண்ட அணியான ஸ்குவாடில் மூவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லாதபோதும் ஆட்டம் தட்டுத்தடுமாறாமல் ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

பிங் பட்டன் கணினியில் மவுஸின் நடு உருளை, கன்ட்ரோலரில் ஆர்1 அல்லது ஆர்பி. ஒரு தட்டு தட்டினால் 'அங்கே போவோம்'. இரண்டு தட்டினால் 'எதிரி'. அழுத்திப் பிடித்தால் மற்ற பிங்குகள் அடங்கிய வட்டம் விரியும். அதில் பலரும் தொடாத ஒன்று 'யாரோ வந்து போயிருக்கிறார்கள்'. கதவு திறந்து கிடக்கிறது, பெட்டிகள் காலி என்றால் அதை உடனே போட வேண்டும்.

கீழே கிடக்கும் ஒரு ஆர்-301 துப்பாக்கி மேல் குறிவைத்துத் தட்டிப் பாருங்கள். உங்கள் கேரக்டர் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லும். கூட்டாளிகள் திரையில் அடையாளம் தோன்றும், பக்கத்திலேயே எத்தனை மீட்டர் தூரம் என்றும் இருக்கும். வேண்டியவர் பதிலுக்கு பிங் அழுத்தினால் 'அது எனக்கு' என்று பதிவாகிவிடும். பஸ் சீட்டில் துண்டு போடுவது போலத்தான். பூட்டெல்லாம் கிடையாது, மூன்றாமவர் நினைத்தால் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். உங்களுக்கு ஸ்கோப் இல்லையா? இன்வென்டரியைத் திறந்து, துப்பாக்கியின் காலி ஸ்லாட் மேல் பிங் செய்தால் ஸ்குவாடுக்குக் கேட்டுவிடும்.

சொதப்புவது டிஃபால்ட் பட்டன் அமைப்பு. நடு உருளையை அவசரத்தில் அழுத்தும்போது அது கொஞ்சம் உருண்டு, சண்டைக்கு நடுவே துப்பாக்கி மாறிவிடும். அதைவிட மோசம், பதற்றத்தில் இரண்டாவது தட்டு பதியாமல் போவது. 'எதிரி' என்று எச்சரிக்க நினைத்தது 'அங்கே போவோம்' என்று போய்ச் சேரும், கூட்டாளியும் நம்பி ஓடுவார். செட்டிங்ஸில் கீபோர்டு, மவுஸ் பகுதிக்குப் போனால் எதிரி பிங்குக்குத் தனிப் பட்டன் வைக்க இடம் இருக்கிறது. மவுஸின் பக்கவாட்டுப் பட்டனில் அதைப் போட்டால் ஒரே அழுத்தம் போதும்.

அடுத்தது தூரம். பிங், குறிக்கு நேரே முதலில் எது குறுக்கிடுகிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். மேட்டில் நிற்பவரைக் காட்டியும் 6 மீட்டர் என்று வந்தால், அது உங்கள் முன்னால் உள்ள கைப்பிடிச் சுவரில் விழுந்திருக்கிறது. அதே அடையாளத்தின் மேல் மறுபடி தட்டி ரத்து செய்துவிட்டு, தடுப்பைத் தாண்டிக் குறிவைத்துப் போடுங்கள். எதிரி பிங் ஆளைத் துரத்தாது, போட்ட இடத்திலேயே நிற்கும். ஆள் நகர்ந்தால் அது பழைய செய்தி, புதிதாகப் போடத்தான் வேண்டும். ஸ்கோப்பில் பார்க்கும்போது சிவப்பு அடையாளம் ஆளை மறைக்கிறது என்றால் பிங் ஒளிபுகுதன்மையை மங்கலாக மாற்றலாம்.

குறை என்றால், எதிரி ஒருவரா மூவரா என்பதை ஒரு பிங் பிரித்துச் சொல்லாது. மாடிக் கட்டடத்தில் எந்தத் தளம் என்பதிலும் குழப்பம் வரும். இரண்டுக்கும் மைக்தான் கதி.

போட்டி கேமான ஃபோர்ட்நைட் சில வாரங்களிலேயே இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. காது கேளாதவர்களுக்கும் பேச முடியாதவர்களுக்கும் உதவும் என்பதால், 2021 ஆகஸ்டில் ஏபெக்ஸை வெளியிடும் நிறுவனமான இஏ இதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அப்படியும் இதை அரைகுறையாகச் செய்யும் கேம்களுக்குச் சாக்கு கிடையாது.

ஸ்குவாடில் ஒருவர் பிங் மழை பொழிந்தால் ஸ்குவாட் பக்கத்தில் அவருடைய குரல், எழுத்து, பிங் மூன்றையும் தனித்தனியே மியூட் செய்யலாம். பிங்கைக் கடைசியாக மியூட் செய்யுங்கள். வாய் நாறும் ஆள்கூட எதிரியைச் சரியாகக் காட்டுவார்.