இ-வெரிஃபை சேவை: ஒரு சிறு நிறுவனத்தின் அலுவலக மேசையிலிருந்து

அமெரிக்காவில் ஒருவரை வேலைக்கு எடுக்கும் எந்த முதலாளியும், அவர் இங்கே வேலை செய்யச் சட்டப்படி தகுதி உள்ளவர்தானா என்று பார்த்து ஐ-9 படிவத்தில் பதிந்து வைக்க வேண்டும். 1986ஆம் ஆண்டு ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த கடமை இது. அந்தப் படிவத்தில் எழுதியதை அரசின் பதிவேடுகளோடு இணையத்தில் ஒப்பிட்டுப் பதில் சொல்லும் சேவைதான் இ-வெரிஃபை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும், தொழிலாளர்களுக்கு எண் தந்து ஓய்வூதியக் கணக்கை வைத்திருக்கும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. சிறு நிறுவனம் ஒன்றில் பணியமர்த்தல் தாள்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் நான் இதைப் பயன்படுத்தி வருகிறேன். சட்டவிரோதக் குடியேற்றத்தை நிறுத்த இதை நாடு முழுவதும் கட்டாயமாக்கினாலே போதும் என்று தேர்தல்தோறும் யாராவது சொல்வதால், சேவையோடு சேர்த்து அந்தப் பேச்சையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கிடையாது. புதியவர் சம்பளத்துக்கு வேலை தொடங்கிய மூன்று அலுவலக நாட்களுக்குள் அவருடைய பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், காட்டிய ஆவணத்தின் விவரம் ஆகியவற்றை உள்ளிட்டால், பெரும்பாலும் சில விநாடிகளில் பதில் வந்துவிடுகிறது. நூற்றில் 98 பேருக்கு மேல் எந்தத் தடங்கலும் இல்லாமல் உறுதி செய்யப்படுகிறார்கள். 1997இல் ஐந்து மாநிலங்களில் சோதனைத் திட்டமாகத் தொடங்கிய ஓர் அரசுக் கணினி அமைப்புக்கு இது குறைத்து மதிப்பிடக்கூடிய வேகம் அல்ல. பிறகு ஒரு விசாரணை வந்தால், தகுதியில்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு எடுக்கவில்லை என்ற அனுமானமும் முதலாளிக்குச் சாதகமாக நிற்கிறது. உண்மையைச் சொன்னால், பல நிறுவனங்கள் இதில் சேர்வது அந்த ஒரு பாதுகாப்புக்காகத்தான்.

ஆனால் அந்தப் பதில் எதைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். புதியவர் கிரீன் கார்டையோ அமெரிக்கப் பாஸ்போர்ட்டையோ காட்டினால், அரசுப் பதிவில் உள்ள புகைப்படம் திரையில் தோன்றும். அதை அவர் கொடுத்த அட்டையில் இருக்கும் படத்தோடு ஒப்பிட வேண்டுமே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் முகத்தோடு அல்ல. முகத்தைப் பார்ப்பது ஐ-9 படிவத்தை நிரப்பும்போதே முடிந்துவிட்டதாகக் கணக்கு. ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் காட்டினால் இந்தப் படமும் வராது. எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம், குறிப்பிட்ட ஒன்றைக் கேட்பது பாகுபாடாகிவிடும். ஆகவே உயிரோடு இருக்கும் வேறொருவரின் உண்மையான பெயரையும் எண்ணையும் வாங்கி வருகிறவர் எந்தச் சிக்கலும் இன்றிக் கடந்துபோக முடிகிறது. அரசுக்காக வெஸ்டாட் என்ற ஆய்வு நிறுவனம் 2009இல் அளித்த மதிப்பீட்டின்படி, இந்தச் சேவையில் சோதிக்கப்பட்ட தகுதியற்ற தொழிலாளர்களில் ஏறத்தாழ 54 சதவீதத்தினருக்குத் தகுதி உண்டு என்றே பதில் வந்தது. அதற்குப் பிறகு மேம்பாடுகள் நடந்திருக்கின்றன என்றாலும், எண்ணைக் கேட்டு எண்ணுக்குப் பதில் சொல்லும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

மறுபக்கத்தில், முழுத் தகுதி உள்ளவருக்குப் 'பொருந்தவில்லை' என்ற அறிவிப்பு வருவதும் உண்டு. திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிவிட்டுச் சோஷியல் செக்யூரிட்டி பதிவில் மாற்றாத பெண்கள், குடியுரிமை பெற்ற செய்தியை அங்கே தெரிவிக்காதவர்கள் ஆகியோர் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்க, விசாவில் முதற்பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் வேறொரு வரிசையில் ஏறி, ஒரே ஆள் மூன்று ஆவணங்களில் மூன்று பேராக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றைப் பெயர் உள்ளவர் அதைக் கடைசிப் பெயரின் கட்டத்தில் எழுதி, முதற்பெயரின் கட்டத்தில் 'அன்னோன்' (தெரியாது) என்று போட வேண்டும் என்று ஐ-9 விதிமுறையே சொல்கிறது. இதை அறியாத அலுவலர்கள் இனிஷியலை விரித்துத் தாங்களாகவே ஒரு குடும்பப் பெயரை உருவாக்கிவிடுகிறார்கள்.

அறிவிப்பு வந்துவிட்டால், முதலாளி ஊழியரைத் தனியாக அழைத்து அதைச் சொல்ல வேண்டும். ஊழியர் மறுத்து முறையிட விரும்பினால், உரிய அலுவலகத்தைத் தொடர்புகொள்ள அவருக்கு எட்டு அரசு வேலை நாட்கள் உண்டு. முடிவு வரும்வரை அவரை நீக்கவோ சம்பளத்தை நிறுத்தவோ கூடாது. விதி நியாயமானதுதான். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர், ஒரு நாள் வேலையை விட்டு அரசு அலுவலக வரிசையில் நிற்பதற்கான இழப்பை யார் ஈடுசெய்வார்கள் என்பதை மட்டும் அந்த விதி பேசுவதில்லை.

இனி, கட்டாயமாக்கும் பேச்சுக்கு வருவோம். அரிசோனா 2008 முதல் எல்லா முதலாளிகளுக்கும் கட்டாயமாக்கியது, 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஃபுளோரிடா 2023 ஜூலை முதல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களை இதன் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. தேசிய அளவில் பெரும்பாலான முதலாளிகளுக்கு இன்னும் விருப்பச் சேவைதான். தயக்கத்துக்குக் காரணம் கணினி அல்ல, வயல். தொழிலாளர் துறையின் கணக்கெடுப்புகளின்படி, கூலிக்கு எடுக்கப்படும் பயிர்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு வேலை செய்யும் அனுமதி இல்லை. பருவகால விவசாய வேலைக்கு ஹெச்-2ஏ என்ற தற்காலிக விசா எண்ணிக்கை வரம்பின்றிக் கிடைக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் மாடு கறக்க வேண்டிய பால் பண்ணைக்கு அது பொருந்தாது. அதிகப் பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கான நிரந்தரக் குடியேற்ற இடங்களோ, குடும்பத்தினரையும் சேர்த்து ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டக் கூடாது என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. இந்த நிலையில் சோதனையை மட்டும் இறுக்கினால், வேலை ஒப்பந்தக்காரர்களின் கைக்கும் ரொக்கக் கூலிக்கும் போகும். திருட்டு எண்களின் விலையும் ஏறும்.

2013 ஜூனில் செனட் 68க்கு 32 என்ற கணக்கில் நிறைவேற்றிய மசோதா இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது என்பது என் கருத்து. ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக இ-வெரிஃபை கட்டாயம், கூடவே குறைந்த திறன் வேலைகளுக்குப் புதிய விசா, ஏற்கெனவே இங்கே வாழ்கிறவர்களுக்கு நிபந்தனைகளோடு ஒரு வழி என்று மூன்றையும் அது ஒன்றாகக் கட்டியிருந்தது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து 2023இல் அதே சபை நிறைவேற்றிய எல்லைப் பாதுகாப்பு மசோதாவில், இ-வெரிஃபை கட்டாயம் என்ற பகுதி இருந்தது. இங்கே வாழ்கிறவர்களுக்கான வழி இல்லை. அது செனட்டைத் தாண்டவில்லை.

ஆகவே, ஒரு நிறுவனத்தின் கருவியாக இதற்கு ஐந்தில் மூன்றரை நட்சத்திரம் தருவேன். நாட்டின் குடியேற்றக் கொள்கைக்கு மாற்றாக விற்கப்படும்போது ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஊழியர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு பயனுள்ள செய்தி: மை இ-வெரிஃபை கணக்கு தொடங்கினால், வேலைக்குச் சேரும் முன்பே உங்கள் பதிவு பொருந்துகிறதா என்று இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் எண்ணை வேறு யாரும் பயன்படுத்தி வேலைக்குச் சேராதபடி அங்கேயே பூட்டியும் வைக்கலாம். புதிய வேலையில் சேரும் நாளுக்கு முன் அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள். மறந்தால், 'பொருந்தவில்லை' என்ற அறிவிப்பு உங்கள் பெயருக்கே வரும்.