வார்த்த ஈயக் குண்டுக்கு ஏற்ற மலிவு ரைஃபிள் எது: மோசினா, மார்லினா, சேவேஜா?

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுவோருக்குள் ஒரு தனிக் கூட்டம் உண்டு. கடையில் கிடைக்கும் செம்பு உறை போட்ட குண்டுகளை விட்டுவிட்டு, ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தங்கள் குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். 1976-இல் தொடங்கிய காஸ்ட் புல்லட் அசோசியேஷன் இவர்களுக்கென்றே போட்டிகள் நடத்துகிறது. பழைய ராணுவ ரைஃபிள்களுக்கு அதில் தனிப் பிரிவே இருக்கிறது. (அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

விலை குறைந்த ரைஃபிளில் ஈயக் குண்டு குறி தவறாமல் போகுமா என்றால், தாராளமாகப் போகும். ஆனால் எந்த ரைஃபிளை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து, அந்த நிலைக்கு வரப் படவேண்டிய பாடு மாறும். அடிக்கடி பேச்சில் அடிபடும் மூன்றை எடுத்துக்கொள்வோம்: ரஷ்ய ராணுவத்தின் மோசின்-நாகாந்த், லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய மார்லின் 336, இன்றைய சேவேஜ் ஆக்சிஸ்.

மூன்றையும் அளக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: குண்டு குழலுக்குப் பொருந்துகிறதா? குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்களுக்கு இடையே உள்ள விட்டத்தைவிடக் குண்டு 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் எரியும் வெடிமருந்தின் வாயு குண்டின் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரிக்கும். அரித்த ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். அதன்பின் குறி என்ற பேச்சுக்கே இடமில்லை. புதியவர்கள் இதைக் கவனிக்காமல் கடினமான கலவையைத் தேடி அலைகிறார்கள். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுத்த ஈயத்துக்கு 5. 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி சேர்ந்த லைமன் நம்பர் 2 கலவைக்கு 15. அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப்புக்கு 22. விட்டம் குறைந்த லைனோடைப் குண்டைவிட, சரியாகப் பொருந்தும் மென்மையான குண்டு குழலைச் சுத்தமாக வைத்திருக்கும். கடினத்துக்குச் செலவழிக்கும் காசை ஒரு நல்ல மைக்ரோமீட்டருக்குப் போடுங்கள்.

மோசினில் இந்தப் பாடம் முதல் நாளே கிடைத்துவிடும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவாக, கிரீஸ் பூசி அடுக்கி வைத்திருந்த துப்பாக்கி அது. இன்று விலை பல மடங்கு ஏறிவிட்டது. ஆனாலும் வீட்டில் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அதன் குழல் விட்டத்தை நம்பவே முடியாது. ஒன்றில் 0.310 அங்குலம், அடுத்ததில் 0.314. எனவே அளந்தே ஆகவேண்டும். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய மென்மையான ஈயக் கட்டி ஒன்றைக் கம்பியால் குழல் முழுக்கத் தள்ளுங்கள். நுழையும்போது இறுக்கமாக இருக்கும், பிறகு ஒரே சீராக நகரும். நடுவில் சட்டென்று தளர்ந்தால் அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது என்று பொருள். வெளியே வரும் கட்டியில் நான்கு பள்ளங்களும் அச்சு அசலாகப் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் கிடைப்பதுதான் உங்கள் துப்பாக்கியின் அளவு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள்.

மோசினின் இன்னொரு குறை குழல் வாய். படைவீரர்கள் முன்பக்கமிருந்தே எஃகுக் கம்பியை விட்டுத் துடைத்ததில் பல துப்பாக்கிகளின் வாய் தேய்ந்துவிட்டது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எந்தக் குண்டும் உருப்படாது. வாய் நன்றாக இருந்து, குண்டும் அளவுக்கு வார்த்திருந்தால், 100 கஜத்தில் ஸ்கோப் இல்லாமல், துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறிகாட்டியை வைத்தே மூன்று அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கலாம். அந்தக் கிழட்டுத் துப்பாக்கிக்கு அது பெருமைதான்.

மார்லின் 336-க்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. 1953-இல் அந்த நிறுவனம் மைக்ரோ-குரூவ் என்ற குழலைக் கொண்டுவந்தது. ஆழமில்லாத பள்ளங்கள், எண்ணிக்கையில் மட்டும் அதிகம். ஆழம் போதாததால் ஈயம் பிடிகிடைக்காமல் வழுக்கும் என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. உண்மையில் 0.309 அளவுக் குண்டைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள்தான் அதிகம். 0.310, 0.311 என்று ஏற்றி, அடியில் கேஸ் செக் எனப்படும் சிறு செம்புக் கிண்ணத்தையும் பொருத்தினால் அதே குழல் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்த ரைஃபிளில் போடும் .30-30 தோட்டாவே மிதமான வேகத்துக்குப் பிறந்தது. ஈயத்துக்கும் அந்த வேகம்தான் ஒத்துவரும். காட்டில் தூக்கித் திரிய மூன்றில் இதுதான் என் விருப்பம். ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய 336 இப்போது மலிவு விலைக்குக் கிடைப்பதில்லை.

சேவேஜ் ஆக்சிஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அதன் பெருமை. பிளாஸ்டிக் கட்டை, அழகு கிடையாது. ஆனால் .308 தோட்டாவுக்கான அதன் குழல் அளவு சொன்னபடி இருக்கும், ஸ்கோப் மாட்டுவது எளிது. 0.309 அல்லது 0.310 அளவுக் குண்டோடு தொடங்கினால் போதும். அளவில் கவனம் வைப்பவருக்கு 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் வருவது எட்டாத கனவல்ல.

எந்த ரைஃபிளை வாங்கினாலும் குண்டின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர் வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்து, 1909-இல் முடிவுகளை வெளியிட்டார். மூக்கு நசுங்கிய குண்டு ஓரளவு நேராகப் போனது, அடி சிதைந்த குண்டுதான் விலகி ஓடியது. பெரும்பாலான அச்சுகளில் ஈயத்தை ஊற்றும் பக்கம்தான் குண்டின் அடி. ஈயம் உறையும் முன் மேல்தகட்டை அவசரமாகத் தள்ளி வெட்டினால் அடியில் பிய்ந்த குழி விழும். பளபளப்பு மங்கி, ஓரம் கூர்மையாக நிற்கும் வரை பொறுங்கள். ஓரம் மழுங்கியது எதுவாக இருந்தாலும் திரும்பச் சட்டிக்கே போகட்டும்.

இன்னொரு இடமும் பலருக்குத் தெரிவதில்லை. சுட்ட தோட்டாக் கூட்டை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சுக்கு டை என்று பெயர். செம்பு உறைக் குண்டுக்காகச் செய்த டை, கூட்டின் கழுத்தை இறுக்கமாகவே விடும். 0.314-க்கு வார்த்த குண்டை அதில் அழுத்தினால் கழுத்தே அதைப் பிழிந்து சிறிதாக்கிவிடும். கழுத்தை ஈயக் குண்டின் அளவுக்கு விரிக்கும் தனி விரிப்பான் வாங்குவது வீண் செலவல்ல.

ஈயம் குழலில் ஒட்டாமலிருக்கக் குண்டுக்குப் பூச்சு வேண்டும். அதில் மூன்று வழி. தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகும் சரிபாதி கலந்த பழைய மசகு இன்றும் நம்பகமானது, ஆனால் அதைக் குண்டின் பள்ளங்களில் அழுத்தி நிரப்பத் தனிக் கருவி வேண்டும். திரவ ஆலாக்ஸில் உருட்டிக் காயவைப்பதுதான் செலவு குறைவு. மெதுவான குண்டுகளுக்கு அது போதும், பிசுபிசுப்பைச் சகித்துக்கொள்ள வேண்டும். பவுடர் கோட்டிங் எனப்படும் பெயின்ட் தூளைப் பூசி 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுட்டெடுப்பதுதான் என் தேர்வு. கையில் ஒட்டாது, புகை குறைவு, விட்டமும் சிறிது கூடும். அகன்ற குழல் கொண்ட மோசினுக்கு அந்தக் கூடுதல் பெரிய உதவி. ஆனால் அந்த அடுப்பில் அதன்பின் ஒரு ரொட்டித் துண்டுகூடச் சுடக்கூடாது.

ஈயக் குண்டுக்கு மருந்து குறைவாகப் போடுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. .308 போன்ற பெரிய கூட்டில், வேகமாக எரியும் மருந்தை மறதியில் இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். குண்டைப் பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மருந்தின் அளவை அச்சான கையேட்டில் மட்டும் பாருங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவியாகி ஈயம் முகத்தில் தெறிக்கும். சட்டியில் மிதக்கும் கசடின் தூசிதான் உடம்புக்குக் கெடுதல். காற்றோட்டமான இடமும், கையைக் கழுவாமல் சாப்பிடாத கட்டுப்பாடும், குழந்தைகள் அருகே வராததும் கட்டாயம்.

கையில் ஏற்கெனவே மோசின் இருந்தால் வேறு ரைஃபிள் வாங்காதீர்கள், அளந்து அச்சு வாங்குங்கள். வேட்டைக்கு லீவர் ரைஃபிள்தான் வேண்டுமென்றால் மார்லின். ஒன்றுமே இல்லாமல், குறிக்காக மட்டும் தொடங்குகிறவருக்கு ஆக்சிஸ் .308, கேஸ் செக் போடும் 170 கிரெயின் எடைக் குண்டு வார்க்கும் அச்சு, பவுடர் கோட்டிங் என்றுதான் நான் சொல்வேன்.