போஸ்ட்கிரெஸில் ஒரு பெரிய டேபிளும் பதினொரு இண்டெக்ஸும்: மூன்று வருட அனுபவம்

பார்சல் எந்தக் கிடங்கில் ஸ்கேன் ஆனாலும் எங்கள் டேபிளில் ஒரு வரி விழும். மூன்று வருடமாக அந்த டேபிளைக் கட்டி மேய்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது; முதலில் பதிப்பு 13, இப்போது 16.

சில கோடி வரிகள் வரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மாலை நெரிசலில் இன்செர்ட் (புது வரி சேர்ப்பது) இழுக்க ஆரம்பித்தது. எல்லோரையும் போல நாங்களும் பெரிய சர்வருக்குத் தாவினோம். ரெண்டு மாதம் ஓடியது, மறுபடி அதே கதை.

அப்புறம்தான் இண்டெக்ஸ்களை, அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணைகளை, எண்ணினேன். பதினொன்று! எந்த ரிப்போர்ட் மெதுவானாலும் ஆளாளுக்கு ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வரி சேர்த்தால் பதினொரு இண்டெக்ஸ் மரங்களிலும் போய்ப் பதிய வேண்டும்.

அதிலும் ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமான பிரைமரி கீதான் பெரிய தொல்லை. அது நாலாம் பதிப்பு யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண், முழுக்கத் தற்செயல். அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகள் இண்டெக்ஸின் வெவ்வேறு மூலைகளில் போய் உட்காரும். இண்டெக்ஸ் நினைவகத்தில் அடங்கும்வரை இது உறைக்காது. அதை மீறிவிட்டால் இன்செர்ட்டுக்கு இன்செர்ட் டிஸ்கிலிருந்து பக்கத்தை இழுத்து வர வேண்டும். போதாததற்கு, செக்பாயின்ட் (நினைவகத்தில் மாறியவற்றை டிஸ்கில் எழுதிவைப்பது) முடிந்து ஒரு பக்கத்தை முதன்முறை தொட்டதும் அந்த 8 கேபி பக்கத்தையே வால் எனப்படும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாகில் எழுதிவைக்கிறது போஸ்ட்கிரெஸ். பாதி எழுதும்போது கரண்ட் போனாலும் பக்கம் சிதையக்கூடாது என்பதற்காக. நியாயம்தான், ஆனால் எங்களுடையது அனுமார் வால்.

இரண்டு செக்பாயின்ட்டுகளுக்கு இடையே வால் எவ்வளவு வளரலாம் என்ற மேக்ஸ் வால் சைஸ் இயல்பாக 1 ஜிபி. நெரிசலில் அது சட்டென்று நிரம்பி, 5 நிமிட இடைவெளிக்குக் காத்திருக்காமல் செக்பாயின்ட் ஓடிக்கொண்டே இருந்தது. 16 ஜிபி ஆக்கி, இடைவெளியை 15 நிமிடமாக்கினேன். அன்று மாலையே வித்தியாசம் தெரிந்தது. சர்வர் விழுந்தால் எழுந்து வரக் கூடுதல் நேரமாகும்; அதற்குச் சரி என்றோம். புது வரிகளுக்கு நேர வரிசைப்படி வரும் ஏழாம் பதிப்பு யூயூஐடி. போஸ்ட்கிரெஸ் 18-இல் உள்ளேயே இருக்கிறது. நாங்கள் அப்ளிகேஷனில் உருவாக்குகிறோம்.

இனி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. ஒரு ராத்திரி, ஸ்கேன் எண்ணிக்கை (இண்டெக்ஸ் பயன்பட்ட தடவைகள்) பூஜ்யம் என்று காட்டிய நாலு இண்டெக்ஸ்களைத் தூக்கினேன். காலையில் மேலாளர் போனில் கேட்டார்: "தம்பி, நேத்து ராத்திரி எதையாவது தொட்டீங்களா?" ரிப்போர்ட்டுகள் ஓடுவது ரெப்ளிகாவில், அதாவது முதன்மை சர்வரான பிரைமரியின் நகலில். அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும்; நான் பார்த்தது பிரைமரியில் மட்டும். ரெப்ளிகாவில் மட்டும் தனி இண்டெக்ஸ் போடவும் முடியாது. பிரைமரியில் கன்கரன்ட்லி (எழுதுவதை நிறுத்தாமல்) போட்டு, ஒன்றைத் திரும்பக் கட்டி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மற்ற மூன்றையும் யாரும் தேடவில்லை.

ஸ்டேட்டஸ் ஃபீல்டில் இருந்த இண்டெக்ஸை எடுத்தது எதிர்பாராத லாபம். இண்டெக்ஸ் உள்ள ஃபீல்டு மாறினால் அந்த வரிக்கு எல்லா மரங்களிலும் புதுப் பதிவு விழும். மாறாவிட்டால், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே ஹாட் அப்டேட்டாக முடிந்துவிடும். அந்த இடத்துக்காக ஃபில்ஃபேக்டரை (பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அளவு) 80 ஆக்கினேன். பழைய பக்கங்கள் அப்படியேதான் இருக்கும், புதியவற்றுக்கு மட்டும்தான் பலன். நேர ஃபீல்டுக்கு வழக்கமான பிட்ரீ இண்டெக்ஸை எடுத்துவிட்டு, பக்கத் தொகுதிக்கு மிகச்சிறிய, மிகப்பெரிய மதிப்பை மட்டும் குறித்துவைக்கும் பிரின் போட்டோம், தம்மாத்துண்டு அளவு.

பாக்கி இருப்பது டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் எனும் துண்டுகளாகப் பிரிப்பது. பிரைமரி கீயில் தேதியையும் சேர்த்தாக வேண்டும் என்பதால் அப்ளிகேஷன் நிரலில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. தீபாவளி நெரிசலுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள்.