காம்பி பாய்லர்: நல்ல மெஷின், நாசமாய்ப்போன டிசைன்

இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நண்பன் கேட்டான்: "உன் வீட்டுல இருக்கிற அதே பாய்லர்தான்டா அங்கேயும் மாட்டியிருக்கு. போன குளிர்காலத்துல ஏதோ ரிப்பேர்னு புலம்பினியே, இப்ப எப்படி இருக்கு? நம்பலாமா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. காம்பி பாய்லர் என்பது கேஸில் ஓடும் ஒரே பெட்டி: குழாய்க்கு வெந்நீரும் தரும், ரேடியேட்டர் என்ற சுவர்த் தகடுகளுக்குள் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு வீட்டையும் சூடாக்கும் (அதுதான் ஹீட்டிங்). கம்பெனி பெயர் வேண்டாம், அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் அது அவ்வளவு முக்கியமில்லை, ஏனென்றால் இந்தக் கோளாறு எந்தக் கம்பெனி பாய்லரிலும் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் மறந்துவிடும். வெந்நீர் விஷயத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் நாம் மாட்டும் இன்ஸ்டன்ட் கீசர் 3 கிலோவாட், இது 30. குழாயில் வரும் தண்ணீரின் வெப்பத்தை 35 டிகிரி உயர்த்தி, நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் தரும். ஜனவரியில் தெருக்குழாய்த் தண்ணீர் ஐஸாக வரும்போதும் ஷவர் சூடாகவே இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "அடுத்தவங்க குளிக்கணும், தீர்ந்துடப் போகுது" என்று பாதிக் குளியலில் வெளியே வந்துவிடுவார். தீராது என்று எவ்வளவு சொல்லியும் ஊருக்குக் கிளம்பும்வரை அவர் நம்பவில்லை.

சரி, இப்போது அந்த முள்.

பாய்லருக்கு அடியில் சின்னதாக ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். குளிர்ந்த நிலையில் முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் (பார் என்பது பிரஷரின் அளவு) நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் நிற்காது. காலையில் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும், பாய்லர் எர்ரர் காட்டிவிட்டு உறங்கும், வீடு முழுக்கச் சில்லென்று இருக்கும். ஃபில்லிங் லூப்பை, அதாவது தெருக்குழாய்த் தண்ணீரை ஹீட்டிங் பைப்புக்குள் விடும் இணைப்பைத் திறந்து தண்ணீர் ஏற்றினால் ஓடும். ஹீட்டிங் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அதே முள் 3-ஐ நோக்கி ஏறும். மறுநாள் மறுபடியும் பூஜ்யம். ஒரு குளிர்காலம் முழுக்க, எழுந்ததும் காபிக்கு முன்னால் முள்ளைப் பார்ப்பது என்றே பழகிவிட்டது.

முதலில் வந்தவர் பார்த்த மாத்திரத்தில், "தரைக்கு அடியில் பைப் லீக், பலகையைப் பெயர்க்கணும்" என்றார். ஹாலில் போட்டிருக்கும் மரத்தரையைப் பார்த்த என் மனைவி அவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாவதாக வந்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, "ஹீட்டிங் ஓடட்டும்" என்றார். பையில் தண்ணீர் சேர்ந்தது. லீக் வீட்டுக்குள்ளேயே இல்லை, தண்ணீர் அத்தனையும் சேஃப்டி வால்வு வழியாகத் தெருவுக்குப் போயிருக்கிறது.

காரணம் எளிது. 10 டிகிரி தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 3 சதவீதம் பெருகும். ரேடியேட்டர், பைப் எல்லாம் சேர்த்து நூறு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று லிட்டருக்குப் புதிதாக இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதுதான் எக்ஸ்பான்ஷன் வெசல். இரும்பு டப்பா, நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். காற்று இறங்கிவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. பிரஷர் 3 பாருக்கு ஏறும், சேஃப்டி வால்வு திறந்து வெளியே கொட்டும். எல்லாம் ஆறியதும், கொட்டிய அளவுக்குப் பிரஷர் குறைந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது லீக்காகத்தான் தெரியும்.

"தினமும் தண்ணீர் ஏற்றிவிட்டால் போச்சு" என்றும் சிலர் சொல்வார்கள். புதுத் தண்ணீரோடு புது ஆக்ஸிஜனும் உள்ளே போய் ரேடியேட்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். லண்டன் பக்கம் சுண்ணாம்புத் தண்ணீர் வேறு. துருவும் சேறும் சேர்ந்து பம்பையும், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட்டையும் அடைத்தால் செலவு வேறு லெவல்.

இனிமேல்தான் கோபம். வெசலில் காற்று அடிக்கும் வால்வு, கார் டயரில் இருக்கும் அதே வகைதான். சிஸ்டத்தின் பிரஷரை இறக்கிவிட்டு, பம்பு வைத்துக் காற்றடித்தால் முடிந்தது. ஆனால் எங்கள் பாய்லரில் அந்த வெசல் எங்கே? பின்பக்கம், சுவரை ஒட்டி! சவ்வு கிழிந்திருந்தால் பாய்லரையே சுவரிலிருந்து கழற்ற வேண்டும். எங்களுடையது கிழிந்துதான் இருந்தது, அந்த வால்வின் நடுவில் இருக்கும் பின்னை அழுத்தியதும் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. இந்த டிசைனுக்குக் கையெழுத்துப் போட்டவர் வீட்டில் வெறும் விறகடுப்புதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடைசியில் உள்ளே இருப்பதைத் தொடாமல், ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்பில் T வடிவ இணைப்பு போட்டு வெளியே தனியாக ஒரு வெசல் மாட்டினார். ஒருமுறை திறந்து கொட்டிய சேஃப்டி வால்வு பல சமயம் மறுபடி சரியாக மூடாது என்று அதையும் மாற்றினார். இப்போது முள் பெரிதாக அசைவதில்லை. கப்போர்டில் இடம்தான் போச்சு.

கேஸ் வேலைக்கு வருபவரிடம் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது பிரிட்டனில் கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். பாய்லரின் மூடியை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம்.

போகும்போது அந்த இரண்டாமவர் செய்த இன்னொரு காரியம்தான் எதிர்பாராத லாபம். ஹீட்டிங்குக்குப் போகும் தண்ணீரின் வெப்பம் 75-இல் இருந்தது, அதை 58-க்கு இறக்கிவிட்டார். இந்த பாய்லர்கள் புகையில் இருக்கும் நீராவியை மறுபடி தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்பவை. ஆனால் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். ரேடியேட்டர் இப்போது கை சுடுகிற மாதிரி இல்லை, கூடுதல் நேரம் ஓடுகிறது, ஆனால் எல்லா அறையும் ஒரே சீராக இருக்கிறது. ராத்திரியில் பைப் டக் டக்கென்று அடிப்பதும் நின்றது. ஷவருக்கான வெப்பம் தனி செட்டிங், அதில் மாற்றமில்லை.

ஆக நண்பனுக்கு: புதிதாக பாய்லர் போடுவதாக இருந்தால் இந்த மாடலை வாங்காதே. என்னுடையதை மாற்றுவேனா? மாட்டேன், இத்தனை நல்ல வெந்நீரை யார் விடுவார்கள்! அந்த வீட்டை மறுபடி பார்க்கப் போகும்போது அரை மணி நேரம் ஹீட்டிங்கைப் போடச் சொல்லி முள்ளைப் பார். 1-இலிருந்து 3-ஐ நோக்கி ஏறினால் விஷயம் புரிந்துவிடும். வெளியே அந்தச் செம்புக் குழாய்க்குக் கீழே சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கறை இருந்தால், வெசல், வால்வு, கூலி மூன்றையும் சேர்த்து விலையில் குறைத்துக் கேள்.