இந்தியா விக்ஸ்: ஐந்தாண்டுகளுக்கும் மேலான பயன்பாட்டுக்குப் பின்

கடலூர் முதுநகரில் இருக்கும் நண்பர் சென்ற வாரம் அழைத்து, இந்தியா விக்ஸ் குறியீட்டைத் தாமும் கைப்பேசியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். 2020 மார்ச்சில் அது 80-ஐத் தாண்டிய நாள்களில், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடடங்கி இருந்தபோது, நான் அதைப் பார்க்கத் தொடங்கினேன். 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிப்டி குறியீட்டின் ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளைக் கொண்டு அடுத்த 30 நாள்களுக்கான ஏற்ற இறக்கத்தை அது கணிக்கிறது என்பது நண்பருக்கே தெரியும்; ஆகவே அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

என்னை ஓயாமல் வருத்துவது ஒன்றுதான். என் தரகு நிறுவனத்தின் செயலி, குறியீடு எந்த அளவில் நிற்கிறது என்பதைச் சொல்லாமல், எத்தனை சதவீதம் கூடியது என்பதை மட்டும் சிவப்பு எழுத்தில் அனுப்புகிறது. அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்பால் உலகச் சந்தைகள் சரிந்த 2025 ஏப்ரல் 7 அன்று, ‘அச்சம்’, அதாவது விக்ஸ், 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. விக்ஸ் என்பதே ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் ஒரு சதவீதம். அது அன்று சுமார் 14-இலிருந்து 23-ஐ நெருங்கியிருந்தது. ஆண்டுக் கணக்கை மாதக் கணக்காக்க 23-ஐ 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு மாதத்தில் நிப்டி ஏறத்தாழ ஆறரை சதவீதம் ஏறவோ இறங்கவோ கூடும் எனச் சந்தை எண்ணுகிறது என்பதே அதன் பொருள். கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனையாம் எண் என்றுதான் அறிவிக்கிறார்கள். நேற்றைவிட இத்தனை சதவீதம் கூடுதல் என்றால் படகைக் கரையேற்றுவதா வேண்டாமா என்று எந்த மீனவர் முடிவெடுக்க முடியும்? நான் அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்ட பதற்றத்தில் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் போடும் எஸ்.ஐ.பி. முதலீட்டின் அம்மாதத் தவணையை நிறுத்தினேன். ஏப்ரல் 15-க்குள் நிப்டி அந்தச் சரிவை முழுவதும் மீட்டுவிட்டது. நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியும் அறிவிப்பு மாறவில்லை.

குறியீட்டின் மீது பழி சொல்வது நியாயமாகாது. 2024 மே மாதத்தில், தேர்தல் முடிவுக்குக் காத்திருந்த நாள்களில், நிப்டி புதிய உச்சம் தொட்டபோதே விக்ஸும் இரு மடங்காகி 20-ஐத் தாண்டியது. எத்திசையில் என்று அதற்குத் தெரியாது. பெரிய அசைவு வருகிறது என்று மட்டும் தெரியும். அதை நம்பி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த தொகையை நான் சந்தையில் போடாமல் இருந்தேன். ஜூன் 4 அன்று நிப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் வீழ்ந்தது. அந்த ஒரு நாளுக்காக அதற்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆனால் நண்பர் உண்மையில் அறிய விரும்பியது பொருளாதார மந்தநிலை வருமா என்பதை. 30 நாள்களுக்கு அப்பால் விக்ஸ் பார்ப்பதில்லை. அமெரிக்க வேலையின்மை 4.3 சதவீதம் என்ற செய்தியும் ஜப்பானின் வட்டி உயர்வும் சேர்ந்து 2024 ஆகஸ்ட் 5 அன்று விக்ஸை 20-க்கு ஏற்றின. இரண்டு வாரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பியது, அமெரிக்காவில் மந்தநிலையும் வரவில்லை. மந்தநிலைக்கு முன்னறிகுறி எனப் பேர்பெற்ற அமெரிக்கக் கடன்பத்திர வட்டித் தலைகீழ் நிலைகூட (குறுகிய காலப் பத்திரம் நீண்ட காலப் பத்திரத்தைவிட அதிக வட்டி தருவது), 2022 ஜூலை முதல் ஈராண்டுக்கும் மேல் நீடித்தும் அக்காலத்தில் பலிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் அறிவிப்பை நிறுத்தி, விக்ஸையும் முகப்பிலிருந்து நீக்கிவிட்டேன். நண்பரிடமும் வேண்டாம் என்றே சொன்னேன்.