மெய்நிகர் கணினியில் லினக்ஸ் திரை: வர்ட்-மேனேஜர் மதிப்புரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கற்பிக்கும் சிறிய கணினிப் பயிற்சி மையத்தில், உபுண்டு, டெபியன், ஹைக்கூ என்று பல இயங்குதளங்களை ஒரே கணினியில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டியிருப்பதால், மெய்நிகர் கணினி மென்பொருள் இல்லாமல் பாடம் நடக்காது. லினக்ஸ் நிறுவிய கணினிகளில் அதற்கு நாங்கள் பயன்படுத்துவது வர்ட்-மேனேஜர். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 2007-இல் இணைந்த, மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் கேவிஎம்மையும், அதனோடு சேர்ந்து அவற்றுக்கான வன்பொருளைப் போலியாக உருவாக்கித் தரும் கியூஎம்யூவையும் சாளரங்களின் வழியே கையாள உதவும் இந்தக் கட்டற்ற மென்பொருளை, வரைகலை முடுக்கம் (திரையில் வரையும் வேலையை வரைகலைச் சில்லிடம் ஒப்படைப்பது) என்ற ஒரே கோணத்தில் இங்கு மதிப்பிடுகிறேன். வட்டு, வலையமைப்பு ஆகியவற்றில் சொல்லத்தக்க குறை எதுவும் இல்லை.

க்னோம் மேசைச்சூழல், 2011-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, வரைகலைச் சில்லுக்குக் கட்டளையிடும் இடைமுகமான ஓபன்ஜிஎல் வழியாகவே சாளரங்களைத் திரையில் தொகுத்துக் காட்டுகிறது. மெய்நிகர் கணினிக்குள் வரைகலைச் சில்லு கிடைக்காதபோது, ஓபன்ஜிஎல்லைச் செயல்படுத்தும் மீசா நூலகத்தின் எல்எல்விஎம்பைப் என்னும் பகுதி அந்த வேலை முழுவதையும் செயலியின் தலையில் கட்டிவிடுகிறது. இரண்டு கோர்கள் மட்டுமே ஒதுக்கப்பட்ட கெஸ்ட்டில் (மெய்நிகர் கணினியில்) சாளரத்தை இழுக்கும்போது திரை பின்தங்குவதும், காணொளி திக்கித் திக்கி ஓடுவதும் இதனால்தான். இதைப் பார்க்கும் மாணவர்கள் லினக்ஸே மெதுவானது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு வர்ட்-மேனேஜர் தரும் விடை விர்ஜிஎல். கெஸ்ட்டுக்குள் எழும் ஓபன்ஜிஎல் கட்டளைகளை ஓர் இடைநிலை வடிவத்தில் வெளியே அனுப்பி, ஹோஸ்ட்டின் (அதைத் தாங்கும் கணினியின்) உண்மையான வரைகலைச் சில்லைக் கொண்டு வரையச் செய்வது அதன் வேலை. கெஸ்ட்டுக்குத் தேவையான, மெய்நிகர் கணினிகளுக்கென்றே அமைந்த விர்ட்டியோ டிரைவரின் முப்பரிமாணப் பகுதி கர்னல் 4.4-இலேயே சேர்ந்துவிட்டதால், இன்றைய லினக்ஸ் வழங்கல்களில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அமைப்பதுதான் சற்றே எரிச்சலூட்டுகிறது. வீடியோ பக்கத்தில் விர்ட்டியோவைத் தேர்ந்து முப்பரிமாண முடுக்கத்தைக் குறியிட வேண்டும்; பிறகு கெஸ்ட்டின் திரையை நமக்குக் காட்டும் ஸ்பைஸுக்கான பக்கத்துக்குப் போய், லிசன் டைப் என்பதை நன் (None) என்று மாற்றி, ஓபன்ஜிஎல்லையும் குறியிட வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கெஸ்ட் கிளம்பாது, அல்லது முடுக்கம் கிடைக்காது. ஒன்றையொன்று சார்ந்த அமைப்புகளை இரண்டு பக்கங்களில் பிரித்துவைத்த மென்பொருள், முதல் குறியை இட்டவுடன் இரண்டாவதையாவது நினைவூட்டியிருக்கலாம். கெஸ்ட்டின் முனையத்தில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை இயக்கும்போது, ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப்புக்குப் பதிலாக விர்ஜிஎல் என்று வந்தால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.

இன்டெல் உள்ளமை வரைகலை கொண்ட எங்கள் கணினிகளில் பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது: க்னோமின் சாளர அசைவுகள் சீராகின்றன, செயலிக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. விளையாட்டுகளை ஓட்டலாம் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய விளையாட்டுகள் பலவும் பயன்படுத்தும் வரைகலை இடைமுகமான வல்கனுக்கான வீனஸ் என்னும் வழி 2024 டிசம்பரில் வெளிவந்த கியூஎம்யூ 9.2-இல்தான் சேர்ந்தது, டெபியன் 12-இல் இருப்பதோ கியூஎம்யூ 7.2.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை பெரிய குறை வேறு. விர்ஜிஎல் இயங்கும் கெஸ்ட்டின் நிலையை அப்படியே வட்டில் சேமித்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. வரைகலைச் சில்லில் இருக்கும் தரவைப் பெயர்த்தெடுக்க வழியில்லாததால் கியூஎம்யூ அதை மறுத்துவிடுகிறது. 2011-இல் தானே புயலைக் கண்ட கடலூரில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களில் எல்லா கெஸ்ட்டுகளையும் ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்துவதைவிட நிலையைச் சேமிப்பது எவ்வளவோ எளிது என்பதால், மழைக்காலத்தில் நான் முடுக்கத்தை அணைத்துவிடுகிறேன்.

அப்படி அணைத்துவிட்டும் நன்றாக ஓடக்கூடிய ஒன்று உண்டு. பிஇஓஎஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் மரபில் 2001-இல் தொடங்கிய திட்டமான ஹைக்கூ, தன் திரை முழுவதையும் செயலியைக் கொண்டே வரைந்துகொள்கிறது. ஆனாலும் சாதாரண மெய்நிகர் கணினியில், க்னோமுக்கு ஒதுக்குவதைவிடக் குறைந்த நினைவகத்தில், அதன் சாளரங்கள் சட்டென்று திறக்கின்றன. முப்பரிமாணப் பணிகளுக்கு அது உதவாது என்றாலும், மேசைச்சூழலைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தால் முடுக்கத்தின் தேவை பாதி குறைந்துவிடும் என்ற என் எண்ணத்தை அதுவே உறுதிப்படுத்தியது.

விண்டோஸ் மடிக்கணினியோடு வரும் மாணவர்களுக்கு, கேவிஎம்மை நம்பியிருக்கும் இந்த ஏற்பாடு பயன்படாது. அவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸையே பரிந்துரைக்கிறேன். அதற்குள் க்னோமுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலை நிறுவி, சாளர மேலாளர் அமைப்புகளில் சாளரங்களைத் தொகுத்துக் காட்டும் கம்போசிட்டரையும் அணைத்துவிட்டால், 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் பாடத்துக்குத் தேவையான வேகம் கிடைத்துவிடுகிறது.